காதுக்கு வழி விடுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு பிரஸ் ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். பவர் பிரஸ்கள் ஒவ்வொன்றாக நிற்கும். ஃப்ளைவீல் சுற்றி ஓயச் சற்று நேரம் பிடிக்கும். கம்ப்ரஸர் கடைசியாக அடங்கும். எல்லாம் அடங்கிய பிறகும் அங்கே இருப்பவர்கள் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். முழங்கால் இடிக்கிற தூரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருப்பவரிடம், எதிர் வரிசை மெஷினில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில் "ஊறுகாய் இருக்காண்ணே?" என்று கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு ஏதோ தகராறு போலத் தோன்றும். தகராறெல்லாம் இல்லை. காலையிலிருந்து தகடு வெட்டும் சத்தத்தில் நின்ற காது இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆரம்பத்தில் அது மாலைக்குள் திரும்பிவிடும். வருடக்கணக்கில் இப்படியே நின்றால் திரும்பாமல் போகும். உள்காதில் நத்தை ஓடு போன்ற பகுதிக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் அதிர்வெண்கள். ச, ஸ போன்ற மெல்லிய மூச்சொலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் பேச்சு கேட்கும், என்ன பேசினார்கள் என்பது மட்டும் பிடிபடாது. குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்கும். தொழிலாளிக்கு இது தெரியவே தெரியாது. டிவி சவுண்டைக் கூட்டுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதையே சொல்லச் சொல்கிறார் என்று வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அதையும் பாதி வீடுகளில் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு சண்டை நடக்கிறது.

சென்னையின் இந்த மேற்குப் புறநகர் சத்தத்தால் வளர்ந்த ஊர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து, நாட்டின் பெரிய சிறுதொழில் வளாகங்களில் ஒன்றாக நிற்கிறது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. இந்தக் கம்பெனிகளுக்கு போல்ட்டும் வாஷரும் பிராக்கெட்டும் செய்து கொடுக்கும் பட்டறைகள் சந்துக்குச் சந்து. தாத்தா லேத்தில் நின்றார், அப்பா கிரைண்டிங்கில் நின்றார், மகன் எம்.டி.எச். ரோட்டில் சொந்த வீடு கட்டினான் என்கிற கதை இங்கே ஆயிரம் உண்டு. சத்தம் இங்கே சம்பளம். அதனால்தான் அமைதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, ‘வேலை வெட்டி இல்லாதவர் பேச்சு’ என்று இந்தப் பக்கத்து மனிதர்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் அமைதியின் மதிப்பைத் தமிழ்நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். நைட் ஷிப்ட் போகிறவர்களின் வீட்டுப் பெண்களைச் சொல்கிறேன்.

பகலில் வரும் இரவு

கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, அத்திப்பட்டு, அயப்பாக்கம் பக்கத்து லைன் வீடுகளில் காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு இரவு தொடங்கும். ஷிப்ட் முடிந்து வந்தவர் குளித்து, இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் வருவதற்குள் அந்த வீட்டில் மிக்ஸி ஓடி முடிந்திருக்கும். மதியக் குழம்புக்குத் தேங்காய் அரைக்க வேண்டுமென்றால் ஜாரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்புவார்கள். குக்கர் விசில் அடிக்குமே என்று பாத்திரத்தில் உலை வைத்துச் சோறு வடிப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டி தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். செல்போன் வைப்ரேஷனில், அதுவும் தலையணைக்கு அடியில். மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பதுகூடக் காற்றுக்காக மட்டும் இல்லை. அதன் ஓயாத ஓசை வெளியே இருந்து வரும் சில்லறைச் சத்தங்களைக் கொஞ்சம் மூடும். இவ்வளவு கவனத்தோடு ஒரு வீடே சேர்ந்து காப்பாற்றும் ஆறு மணி நேரத் தூக்கம் அது.

தெருவுக்கு அது தெரியாது. ஸ்கூல் வேன் வாசலில் நின்று ஹாரனை அமுக்கும். பதிவு செய்த குரலைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பழைய இரும்பு வாங்கும் ஆட்டோ வரும், அது போனதும் மீன் வண்டி. எதிர் மனையில் டைல்ஸ் வெட்டுகிற கட்டர். கோடை வந்துவிட்டால் ராப்பகலாக போர் போடும் லாரி. தூங்குகிறவர் எழுந்துகொள்ளாமல் இருக்கலாம். ஆனால் தூக்கத்திலும் காது மூடுவதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் இதயத் துடிப்பு ஏறி இறங்குகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, ஆழ்ந்த தூக்கம் கலைந்து மேல்தூக்கமாகிறது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய வாழ்வாண்டுகள் பறிபோகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் தூக்கக் கேடுதான் பெரிய பங்கு.

2000-ஆம் ஆண்டின் இரைச்சல் மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. இரவு என்பது அந்த விதிப்படி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. அம்பத்தூரில் இரவு அப்படி நேரம் பார்த்து வருவதில்லை. தொழிற்பேட்டையில் மட்டும் என்றில்லை, எஸ்டேட் சாலையில் வரிசையாக எழுந்த ஐ.டி. கட்டடங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளும் பகலில்தான் தூங்குகிறார்கள். பகலில் தூங்கும் உழைப்பாளிக்கு எந்த விதியிலும் ஒரு வரி கிடையாது. தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளுக்கு எழுத வேண்டிய முதல் திருத்தம் இதுதான் என்று நினைக்கிறேன்.

டெசிபல் கணக்கிலும் நம்மை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. 55-க்கும் 65-க்கும் நடுவே பத்துதானே என்று தோன்றும். அளவுகோல் அப்படி ஏறுவதில்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். பிரஸ் ஷாப்பில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 90 வரை என்றுதான் நம் தொழிற்சாலை விதிகள் அனுமதித்து வந்திருக்கின்றன. 95 ஆனால் நாலு மணி நேரம், 100 ஆனால் இரண்டே மணி நேரம். நூறில் எட்டு மணி நேரமும் அதற்கு மேல் ஓ.டி.யும் பார்க்கிறவரை யார் கணக்கெடுப்பது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. அதாவது விரல் போனால் இழப்பீடு கேட்பதுபோலக் காது போனாலும் கேட்கலாம். பிரஸ்ஸில் விரல் போனால் ரத்தம் வருகிறது, ஓடிப்போய் ஆட்டோ பிடிக்கிறோம். காது போகும்போது ஒரு சொட்டு ரத்தமும் வராது. காண்ட்ராக்ட் தொழிலாளிகளிடம், வேலைக்குச் சேரும் நாளில் ஒரு கேட்புப் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் காகிதம் இல்லாமல் பத்து வருடம் கழித்து எதையும் நிரூபிப்பதும் கடினம்.

மைக் செட்டும் மனுநீதியும்

அம்பத்தூரிலிருந்து பாடி வழியாக இன்னர் ரிங் ரோட்டில் போனால் வருவது மாதவரம். அந்த மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் தொடுத்த வழக்கு 2000 ஆகஸ்ட் 30-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சபையின் பிரார்த்தனையில் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் அதிகம் என்பது புகார். எந்த மதமும் பிறர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்கச் சொல்லவில்லை என்ற பொருளில் நீதிபதிகள் எம்.பி.ஷா, எஸ்.என்.புகன் அமர்வு தீர்ப்பளித்தது. இன்றைக்கும் கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும் ஒலிபெருக்கி வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

அந்த வழக்கில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதிதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சார்பில் அங்கே அளந்து பார்த்தபோது, இரைச்சலுக்குப் பெரிய காரணம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள் என்று அறிக்கை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வண்டிகள் மீதும் நடவடிக்கை எடு, ஸ்பீக்கரையும் குறை என்று இரண்டையும் சேர்த்தே காவல்துறைக்கு உத்தரவிட்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக நாம் முதல் பாதியை மறந்துவிட்டோம். பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் நம் கண்ணை உறுத்துகிறது. நெடுஞ்சாலை இருபத்துநாலு மணி நேரமும் இரைவது பழகிவிட்டது.

ஆடி பிறந்தால் திருவேற்காட்டிலிருந்து திருமுல்லைவாயல் வரை அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். அந்தப் பம்பைச் சத்தமும் உடுக்கைச் சத்தமும் இல்லாத ஆடியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பம்பை அடிப்பவருக்குக் கை வலிக்கும், மூச்சு வாங்கும், நிறுத்துவார். மின்கம்பத்துக்கு ஒன்றாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு எந்த வலியும் இல்லை. விதிப்படி பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் சுற்றுப்புற அளவைவிடப் பத்து டெசிபலோ, மொத்தத்தில் 75 டெசிபலோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. மைக் செட் கடைக்காரர்களில் இது தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் வாடகைக்கு எடுக்கும் விழாக் குழு ‘ஊர் முழுக்கக் கேக்கணும்’ என்கிறபோது அவர்கள் என்ன செய்வார்கள்?

கேட்க வேண்டிய ஒன்று கேட்காமல் போனதன் விலை எவ்வளவு என்பதற்கு 2005 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரைச்சல் மாசுத் தீர்ப்பின் முதல் பக்கங்களே சாட்சி. அனில் மிட்டல் என்ற பொறியாளர் அந்த மனுவைப் போட்டதற்குக் காரணம் ஒரு பத்திரிகைச் செய்தி. வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி உதவிக்குக் கத்தியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டில் அவள் குரல் யாருக்கும் எட்டவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்துபோனாள். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று போலீஸ்காரர் வந்து சொல்லும்போது முணுமுணுக்கிறோமே, அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் அவ்வளவு அழுத்திச் சொன்னது அவள் சாவை ஒட்டித் தொடங்கிய வழக்கில்தான்.

எல்லா அமைதியும் நல்ல அமைதி இல்லை

2020 மார்ச் 25. ஊரடங்கு. மின்சார ரயில் நின்றது, எஸ்டேட் நின்றது, கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி வழியாகப் போகும் கன்டெய்னர் லாரிகள் நின்றன. உலகம் முழுக்கவே மனித நடமாட்டத்தால் பூமியில் எழும் அதிர்வு பாதியாகக் குறைந்ததை நிலநடுக்கக் கருவிகள் பதிவு செய்தன. அந்த ஆண்டு ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது. குயில் சத்தம் கேட்கிறது என்று பலரும் மகிழ்ந்தார்கள். அதே நாட்களில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருந்த ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு அந்த அமைதி சம்பளம் வராத அமைதி. பூட்டிக்கிடந்த அம்பத்தூர் டன்லப் ஆலையின் மதில் ஓரமாக நடந்தவர்களுக்கும் அந்த வகை அமைதி தெரியும். மெஷின் ஓட வேண்டும். ஓடும் மெஷினுக்குச் சரியான மூடியும் அடியில் ரப்பர் பேடும் வேண்டும், பக்கத்தில் நிற்பவர் காதில் பிளக் வேண்டும். பிளக் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது பயந்தாங்கொள்ளித்தனம் என்கிற பேச்சு போக வேண்டும்.

குன்றத்தூர் பக்கம் திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ என்ற விபாசனா மையம் இருக்கிறது. எஸ்.என்.கோயங்கா பரப்பிய முறை. பத்து நாள் பயிற்சி, அதில் பெரும்பகுதி முழு மௌனம். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, கண் ஜாடைகூடக் கூடாது. அதிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். கட்டணம் இல்லை, முடித்துப் போகிறவர்கள் கொடுக்கும் நன்கொடையில் அடுத்தவர்களுக்கு நடக்கிறது. போய் வந்தவர்கள் நிஜமாகவே மாறி வருவதைப் பார்த்திருக்கிறேன்; முடிகிறவர்கள் போக வேண்டும். ஆனால் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடியாத மனிதரிடம் அமைதியைத் தேடி வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அவர் இருக்கிற தெருவிலேயே கொஞ்சம் கிடைத்தாக வேண்டும்.

கொஞ்சம் என்பதற்கும் பலன் இருக்கிறது. இத்தாலியின் லூச்சானோ பெர்னார்டி இசை கேட்பவர்களின் இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுகளுக்கு நடுவே வெறுமனே விட்ட இரண்டு நிமிட இடைவெளியில்தான் உடல் மிகவும் தளர்ந்திருந்தது. மெல்லிசை ஓடியபோது இருந்ததைவிடவும் கூட. அவர் எதிர்பார்த்துத் தேடிய விஷயம் அது இல்லை.

நம் பக்கத்தில் அந்த இடைவெளியைத் தருவது ஏரிக் கரைகள். கொரட்டூர் ஏரிக்கு ஒரு பக்கம் ரயில் பாதை ஓடுகிறது, ஆனாலும் கரை ஏறி உள்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் சத்தம் பின்னால் தங்கிவிடும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் அங்கே உண்டு. கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதால்தான் அந்த ஏரி இந்த அளவுக்காவது நிற்கிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். விடியற்காலையில் அங்கே நடக்க வருகிறவர்களில் சிலர் போனில் பாட்டை வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இரைச்சலான தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக உயர்ந்த சுருதியில் பாடுகின்றன என்று 2003-ல் கண்டுபிடித்தார்கள். பிரஸ் ஷாப்பில் நாம் குரலை உயர்த்துவது போலத்தான். சத்தத்தில் மனிதக் குரல் தன்னை அறியாமல் ஏறுவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் நூறாண்டுக்கு முன்பே, 1911-ல் விளக்கியிருக்கிறார். ஒருவர் ஏற்றினால் பக்கத்தில் இருப்பவரும் ஏற்றியே ஆக வேண்டும்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. இன்று அதே தடத்தில் மின்சார ரயிலும், பெங்களூருவுக்கும் மும்பைக்கும் போகும் எக்ஸ்பிரஸ்களும், சரக்கு வண்டிகளும் நிமிடக் கணக்கில் ஓடுகின்றன. பாதையை ஒட்டிய பள்ளிகளில் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள் ரயில் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, போனதும் தொடருவார்கள். அது பழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பழகுகிறதா? நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய பள்ளி ஒன்றில் உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் 1975-ல் பார்த்தார். ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்பில் ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் போட்டார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது வித்தியாசம் மறைந்திருந்தது. பிள்ளைகளின் மூளையில் குறை எதுவும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அம்பத்தூர், அன்னனூர், ஆவடி பக்கத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் ஸ்மார்ட் போர்டு கேட்கிறோம், ஏ.சி. கேட்கிறோம். ரயில் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு கனமான கண்ணாடி கேட்கலாம்.

டிரங்க் ரோட்டில் ஒரு பள்ளி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே சாலையில்தான். வெள்ளைக் கோலோடு சாலை ஓரம் நிற்கும் மாணவர் உடனே இறங்குவதில்லை. தலையை லேசாகச் சாய்த்து நிற்பார். பஸ் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், நெருங்குகிறதா, நிற்கப் போகிறதா, பின்னால் பைக் இருக்கிறதா என்று அத்தனையும் காதில் விழும். கோலின் நுனி தரையில் தட்டும் ஓசை சுவரில் பட்டு ஒரு விதமாகவும், சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் வேறு விதமாகவும் திரும்பும். அதை வைத்து அவர் சந்தைக் கண்டுபிடிப்பார். கடைகளின் வாசனையும் காலடியில் தரை மாறுவதும் மீதியைச் சொல்லும். இப்படி ஒரு சாலை முழுவதும் அவர் மனதுக்குள் வரையப்பட்டிருக்கும்போது ஒரு தனியார் பஸ் பல குரலில் அலறும் ஏர் ஹாரனை அமுக்குகிறது. அந்தச் சில நொடிகளுக்கு அவருக்குச் சாலையே இல்லை. நம் கண்ணில் நேராக ஹைபீம் அடித்தால் எப்படி இருக்கும், அதுதான். அவருக்கு அது ஒரு நாளில் எத்தனையோ முறை.

அதே மாணவருக்கு ஓசையே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் ஆபத்து. இதற்காகத்தான் 2021 ஜூலை முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய மின்சாரக் கார்கள் எல்லாவற்றிலும் குறைந்த வேகத்தில் மெல்லிய ஓசை எழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அவர் சாலையிடம் கேட்பது நிசப்தத்தை இல்லை. ஒவ்வொரு வண்டியும் தன் அளவுக்கு மட்டும் ஒலித்தால் அவருக்குப் போதும். எனக்கும் அமைதி என்றால் என்ன என்று சரியாகப் புரிந்தது அந்த மாணவர்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்த பிறகுதான்.

பல சுரங்களில் ஒலிக்கும் ஏர் ஹாரனை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே தடை செய்திருக்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் என்று 2019 திருத்தம் அபராதம் வைத்தது. 2022 முதல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்து, அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதற்குள் இருக்கின்றன. ஹெல்மெட் பிடிக்கும் அதே சந்திப்பில் ஹாரனையும் பிடிக்க முடியும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்றுதான் விதி இருந்தது. 2017-ல் கொண்டுவந்த திருத்தப்படி, மாநில அரசு குறிப்பிட்டு அறிவிக்காத எந்த இடமும் அமைதி மண்டலம் ஆகாது. பள்ளிக்கூட வாசலில் நாம் பார்க்கும் பழைய பலகைகளுக்குப் பின்னால் அறிவிக்கை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டாக வேண்டியிருக்கிறது. டிரங்க் ரோட்டுப் பள்ளியிலிருந்து இதைத் தொடங்கலாம். திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கு அந்தப் பகுதியின் கவுன்சிலரும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து மனு கொடுக்கலாம்: பள்ளிக்கு இருபுறமும் 100 மீட்டர், இரு திசையிலும் ஹாரன் தடைப் பலகை, மாணவர்கள் வெளியே வரும் மாலை வேளையில் அபராதப் புத்தகத்தோடு ஒரு போக்குவரத்துக் காவலர், சாலையைக் கடக்கும் இடத்தில் ஒலி எழுப்பும் சிக்னல். அந்த சிக்னலின் ஓசை எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்; சத்தத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு அந்த மாணவர்களையே நிறுத்தி அளக்கச் சொல்லலாம்.